காற்று புகாத சேற்றில் இரும்புக் குழாய் ஏன் ஓட்டையாகிறது?

கடலூரிலோ புதுச்சேரியிலோ கடலுக்குப் பக்கத்தில் வீடு கட்டியவர்களிடம் கேட்டால் முதலில் உப்புக்காற்றைப் பற்றித்தான் சொல்வார்கள். ஜன்னல் கம்பி, கேட்டின் கீல், மொட்டைமாடித் தொட்டியைத் தாங்கும் ஆங்கிள் ஸ்டாண்டு, ஏசியின் வெளிப்பெட்டி எல்லாமே சில வருடங்களில் பொரிந்து உதிர ஆரம்பித்துவிடும். தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் இது எல்லா வீட்டுக் கதை. இந்த அனுபவத்திலிருந்து ஒரு நம்பிக்கையும் வளர்ந்திருக்கிறது: இரும்பைக் காற்று எட்டாத ஆழத்தில் புதைத்துவிட்டால் துருத் தொல்லை தீர்ந்தது. பள்ளிக்கூட வேதியியலும் அதற்குத் துணை நிற்கிறது. துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் இரும்பு பிழைத்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கு தப்பிப்போகிற இடம் ஒன்று உண்டு. ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லவே இல்லாத, கறுத்த, நாற்றமடிக்கிற களிச்சேறு அது. பாடப்படி பார்த்தால் அங்கே எஃகுக் குழாய் பத்திரமாகக் கிடக்க வேண்டும். உண்மையில், காற்றோட்டமுள்ள மணல் மேட்டில் கிடக்கும் குழாயைவிட வேகமாக அங்கே குழி விழுந்து ஓட்டையாகிறது. இதைச் செய்வது மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள். கடற்கரையோர மாவட்டத்தில் குழாய்க்கு வரும் ஆபத்தை உப்பின் அளவை மட்டும் வைத்து எடைபோட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். மீதிப் பாதி அந்தக் கறுப்புச் சேற்றில் இருக்கிறது.

நமக்கு இது ஏன் முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வீராணம் ஏரித் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து கிளம்பி சென்னைக்குப் போவது எஃகுக் குழாய் வழியாகத்தான். 2004ல் பயன்பாட்டுக்கு வந்த புதிய வீராணம் திட்டம் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுபோகும் அளவுக்கு அமைக்கப்பட்டது. தடத்தின் நீளம் ஏறக்குறைய 230 கிலோமீட்டர். (அதற்கு முன் கைவிடப்பட்ட பழைய திட்டத்தின் ராட்சத கான்கிரீட் குழாய்கள் சாலையோரம் வருடக்கணக்காகக் கிடந்ததும், அவற்றுக்குள் ஏழைக் குடும்பங்கள் குடியிருந்ததும் வயதானவர்களுக்கு நினைவிருக்கும்.) எண்ணூரிலிருந்து புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை இந்தியன் ஆயில் திட்டமிட்ட இயற்கை எரிவாயுத் தடம், பெங்களூரு கிளையையும் சேர்த்து ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். காரைக்காலைச் சுற்றிக் காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி எண்ணெயும் வாயுவும் எடுக்கிறது. கடலூர் சிப்காட்டின் ரசாயன ஆலைகள் உப்பனாற்றங்கரையை ஒட்டியே நிற்கின்றன. வீட்டு அடுப்புக்கு வாயு கொண்டுவரும் மஞ்சள் குழாய் பிளாஸ்டிக்; அதற்கு இந்தப் பிரச்சினை கிடையாது. ஆனால் உயர் அழுத்தத்தில் தொலைதூரம் போக எஃகைத் தவிர நடைமுறையில் வேறு வழியில்லை.

அரிப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இரும்பு அணு ஒன்று உலோகத்தை விட்டுத் தண்ணீரில் கரையும்போது இரண்டு எலக்ட்ரான்களைப் பின்னால் விட்டுவிட்டுப் போகிறது. அந்த எலக்ட்ரான்களை யாராவது எடுத்துக்கொண்டால்தான் அடுத்த அணு கரைய முடியும். எடுக்க ஆளில்லை என்றால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். காற்றோட்டமுள்ள இடத்தில் ஆக்சிஜன் அந்த வேலையைச் செய்கிறது. ஆக்சிஜன் இல்லாத, அமிலத்தன்மையும் இல்லாத மண்ணில் மிஞ்சுவது தண்ணீரில் மிகக் குறைவாக இருக்கும் ஹைட்ரஜன் அயனிகள்தான். அவை எலக்ட்ரானை வாங்குவது ரொம்ப மெதுவாக நடக்கும். ஆகவே அரிப்பும் மெதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நெதர்லாந்துக்காரர்களுக்கு இது பெரிய புதிராக இருந்தது. அவர்கள் நாடே தாழ்ந்த சதுப்பு நிலம். அந்தக் காற்றுப் புகாத ஈர மண்ணில் புதைத்த வார்ப்பிரும்புத் தண்ணீர்க் குழாய்கள் வெளியே பார்க்க முழுசாக இருக்கும். கத்தியால் சுரண்டினால் பென்சில் முனைபோல மிருதுவாக வரும். இரும்பெல்லாம் போய் கிராஃபைட் சட்டம் மட்டும் நிற்கும். 1934ல் வான் வொல்சோகன் க்யூர், வான் டெர் ஃப்ளுக்ட் என்ற இரண்டு டச்சு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள்: எலக்ட்ரானை எடுக்கிற ஆள் இருக்கிறது, அது உயிருள்ள ஆள். சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியா.

சல்பேட்டைச் சுவாசிப்பது என்றால் என்ன? நாம் உணவிலிருந்து எலக்ட்ரானை எடுத்து, கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறோம். இந்த பாக்டீரியாக்கள், கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த சல்பேட்டிடம் ஒப்படைக்கின்றன. அதனால் அவற்றுக்கு ஆக்சிஜன் தேவையில்லை. பெரும்பாலானவற்றுக்கு அது இருந்தால் வளர்ச்சியே நின்றுவிடும். சல்பேட்டு கடைசியில் ஹைட்ரஜன் சல்பைடாக வெளியேறுகிறது. டெல்ஃப்ட் நகரத்தில் வேலை செய்த பெயரிங்க் 1895லேயே இந்த இனத்தைப் பிரித்தெடுத்துவிட்டார். இரும்புக் குழாயோடு அதற்கு இருக்கும் உறவு தெரிய மேலும் நாற்பது வருடங்கள் ஆயின.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த உயிரினத்தை அறிமுகப்படுத்த மைக்ரோஸ்கோப் வேண்டாம். பிச்சாவரத்திலோ, கிள்ளையிலோ, புதுச்சேரியில் தேங்காய்த்திட்டுப் பக்கத்துக் கழியிலோ படகிலிருந்து இறங்கி முழங்கால் ஆழம் சேற்றில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும். மேலே ஒரு மெல்லிய பழுப்பு அடுக்கு. அதற்குக் கீழே மை மாதிரிக் கறுப்பு. காலை உருவும்போது கூமுட்டை நாற்றம் குப்பென்று வரும். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. அந்தக் கறுப்பு, சல்பைடு மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து உண்டாகும் இரும்பு சல்பைடு. தோண்டியெடுத்த குழாயின் பூச்சுக்கு அடியில் காணும் கறுப்புப் பசையும் அதே இரும்பு சல்பைடுதான். ஒரே வித்தியாசம், அங்கே இரும்பைக் கொடுத்தது மண் இல்லை, குழாய்.

இந்த பாக்டீரியாவுக்கு வேண்டியவை சல்பேட்டு, ஏதாவது கரிமப்பொருள், வெதுவெதுப்பு, காற்றின்மை. நான்குமே நம் கரையோரத்தில் தாராளம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட்டு இருக்கிறது. உப்பனாறு, பரவனாறு, வெள்ளாறு, சுண்ணாம்பாறு எல்லாவற்றின் கழிமுகத்திலும் ஓதத்தோடு அது உள்ளே ஏறுகிறது. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் வயல்களிலும் சல்பேட்டு வரும் வழி உண்டு. மணிலா (நிலக்கடலை) போடுகிறவர்கள் மண் அணைக்கும்போது ஜிப்சம் இடுவார்கள். ஹெக்டேருக்கு 400 கிலோ என்பது தமிழ்நாட்டில் வழக்கமான பரிந்துரை. ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டு. பயிருக்கு நல்லது, மணிலா நன்றாகத் திரளும். ஆனால் அந்த நிலத்தின் தாழ்ந்த ஓரத்தில் தண்ணீர் தேங்கி, அதன் வழியே ஒரு எஃகுக் குழாயும் போனால் கதை மாறும். கரிமப்பொருளுக்கு அலையாத்தி இலை, நெல் தாள், சாக்கடைக் கழிவு எது வேண்டுமானாலும் போதும். 25 முதல் 40 டிகிரி வரை இவற்றில் பலவற்றுக்கு உகந்த வெப்பம். குளிர்நாட்டு மண்ணில் வருடத்தில் சில மாதங்களே கிடைக்கும் சூடு இங்கே பன்னிரண்டு மாதமும் கிடைக்கிறது.

சரி, பாக்டீரியா இரும்பை எப்படிக் கரைக்கிறது? "இரும்பைத் தின்கிறது" என்று பேச்சுவாக்கில் சொல்வார்கள். இரும்பு அதற்கு உடம்பு வளர்க்கும் தீனி இல்லை. எலக்ட்ரான் கிடைக்கும் இடம். டச்சு ஆய்வாளர்கள் சொன்னது இதுதான்: இரும்பின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் அணுக்கள் ஒரு படலமாகச் சேர்ந்து மேற்கொண்டு அரிப்பைத் தடுக்கின்றன, பாக்டீரியா அந்த ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்வதால் தடை நீங்கி அரிப்பு தொடர்கிறது. அழகான விளக்கம். பல பத்தாண்டுகள் எல்லாப் பாடப்புத்தகங்களிலும் இருந்தது. ஆனால் சேற்றில் உணவாகக் கிடைக்கும் மற்றப் பொருள்களிலிருந்தும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகிறது, அந்த சல்பைடே நேரடியாக இரும்பைத் தாக்கக்கூடியது என்பது பின்னால் தெளிவாகியது. அதோடு, உண்டாகும் இரும்பு சல்பைடு மின்சாரத்தைக் கடத்தும். உலோகத்தின் மேல் அது ஒட்டுப் போட்டதுபோல் படியும்போது, படிந்த இடம் எலக்ட்ரானை வாங்கும் பெரிய பரப்பாக மாறுகிறது. படியாத சின்ன இடத்தில் இரும்பு வேகமாகக் கரைகிறது.

பெரிய திருப்பம் 2004ல் வந்தது. ஜெர்மனியின் பிரெமன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் கடல் நுண்ணுயிரியல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள், கடல் சேற்றிலிருந்து எடுத்த பாக்டீரியாக்களுக்கு இரும்பைத் தவிர வேறு எலக்ட்ரான் மூலமே கொடுக்காமல் வளர்த்தார்கள். அப்படிப் பிழைத்த சில இனங்கள், ஹைட்ரஜனை மட்டும் உறிஞ்சினால் நடக்கக்கூடிய வேகத்தைவிட மிக வேகமாக இரும்பை அரித்தன. இடையில் ஹைட்ரஜன் என்ற தரகரே இல்லாமல் உலோகத்திலிருந்து எலக்ட்ரானை நேரடியாக இழுத்துக்கொள்கின்றன என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். அதைத் தொடர்ந்த ஆய்வுகளில், இந்த பாக்டீரியாக்கள் இரும்பின் மேல் கட்டும் தடித்த கறுப்பு ஓடும் மின்கடத்தியாக இருப்பது தெரிந்தது. உலோகத்தைத் தொடாமல் ஓட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் பாக்டீரியாவுக்கும் எலக்ட்ரான் போய்ச் சேருகிறது. இந்த ஆய்வக நிலைமைகளில் அரிப்பு வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டரை நெருங்கியது. இரும்பை அரிக்கும் இந்தத் திறமை சல்பேட்டைச் சுவாசிக்கும் எல்லா பாக்டீரியாவுக்கும் இல்லை; சில இனங்களுக்கே உண்டு. சாம்பிளில் எத்தனை பாக்டீரியா என்று எண்ணுவதைவிட எந்த பாக்டீரியா என்று கேட்பது முக்கியம் என்பது இதனால்தான்.

இன்னும் ஒன்று. இவை தனியாக வேலை செய்வதில்லை. குழாயின் மேல் முதலில் ஒட்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் விரும்பும் சாதாரண பாக்டீரியாக்கள். அவை சுரக்கும் வழவழப்பான பசைக்குள் ஒரு கூட்டமாகக் குடியேறுகின்றன. மேலடுக்கில் இருப்பவை ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால், பசையின் அடியில் காற்றற்ற மூலை ஒன்று உருவாகிறது. அங்கே சல்பேட்டுக்காரர்கள் வந்து சேர்கிறார்கள். கூடவே அசிட்டிக் அமிலம் போன்றவற்றை வெளியேற்றும் பாக்டீரியாக்கள், இரும்பை ஆக்சிஜனேற்றி ஆரஞ்சு நிற மேடு கட்டும் பாக்டீரியாக்கள், மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்கள் (பாக்டீரியா மாதிரியே சின்ன, ஆனால் வேறு வகை நுண்ணுயிர்கள்). ஒன்றின் கழிவு மற்றதற்கு உணவு. காற்றோட்டமுள்ள மண்ணிலும், ஓடும் தண்ணீரிலும்கூட இந்த அரிப்பு வருவது இப்படித்தான். மண் முழுக்கக் காற்றில்லாமல் இருக்க வேண்டிய அவசியமில்லை, மில்லிமீட்டர் அளவு மூலை போதும்.

சேதத்தின் வடிவம்தான் இதில் மிக ஆபத்தான விஷயம். மொட்டைமாடி ஸ்டாண்டு முழுக்கப் பரவலாகத் துருப்பிடிக்கும். பார்த்தாலே தெரியும், சுரண்டி பெயிண்ட் அடிக்கலாம். பாக்டீரியா அரிப்பு பெரும்பாலும் குழியாக இறங்கும். குழாயின் எடையில் ஒரு சதவீதம்கூடக் குறைந்திருக்காது, ஆனால் ஒரு இடத்தில் சுவர் ஊடுருவிப் போயிருக்கும். 8 மில்லிமீட்டர் சுவருள்ள குழாயில் ஒரு குழி வருடத்துக்கு அரை மில்லிமீட்டர் இறங்கினால் 16 வருடத்தில் வெளியே வந்துவிடும். முப்பது, நாற்பது வருடம் உழைக்கும் என்று போட்ட குழாய் அது.

கடலூரின் மண்ணை வைத்து இதைப் புரிந்துகொள்வது எளிது. நகருக்கு மேற்கே கேப்பர் மலை. கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் பெயரிட்டிருக்கும் பாறையின் மேல் கிடக்கும் சிவப்பு மண், மேற்கே பண்ருட்டியின் முந்திரித் தோப்பு வரை நீள்கிறது. தண்ணீர் நிற்காது, காற்று புகும், மின்தடை அதிகம். புதைத்த குழாய்க்கு நல்ல இடம். அங்கிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் இறங்கினால் கெடிலமும் உப்பனாறும் படிய வைத்த வண்டல், களி, கழிமுகச் சேறு. ஒரே குழாய் இரண்டையும் கடந்து போகும்போது பாக்டீரியாவுக்கு முன்பே ஒரு மின்வேதியியல் சிக்கல் தொடங்கிவிடுகிறது. காற்றுள்ள மணலில் கிடக்கும் பகுதி எலக்ட்ரானை வாங்கும் முனையாகவும், காற்றில்லாத களியில் கிடக்கும் பகுதி கரையும் முனையாகவும் மாறிவிடும். குழாயே இரண்டையும் இணைக்கும் கம்பி. ஏற்கெனவே கரையத் தொடங்கிய அந்தக் களிப் பகுதியில்தான் சல்பேட்டு பாக்டீரியாவும் குடியிருக்கிறது.

அப்புறம் பருவமழை. புயலும் வெள்ளமும் இந்தக் கரைக்குப் புதிதல்ல: 2011 டிசம்பர் 30ல் தானே, 2015 நவம்பர் வெள்ளம், 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல். ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. இப்படி வந்து ஓரிரு நாளில் வடியும் வெள்ளம், மண் அரித்துக் குழாய் வெளியே தெரியாத வரை, பாக்டீரியா அரிப்பைப் பெரிதாகக் கூட்டாது என்பது என் கணிப்பு. தண்ணீர் தேங்கிய மண்ணில் முதலில் ஆக்சிஜன் தீரும், பிறகு நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு ஆக்சைடு, அதற்கும் பிறகே சல்பேட்டின் முறை வரும். இந்த வரிசை நடக்க நாள்கள், வாரங்கள் வேண்டும். கவலைப்பட வேண்டியது ஐப்பசியில் நிரம்பித் தை கடந்தும் வடியாத தாழ்வுகளையும், வருடா வருடம் நீர்மட்டம் ஏறி இறங்கும் வண்டலையும்தான். ஈரக்காலத்தில் சேர்ந்த இரும்பு சல்பைடின் மேல் கோடையில் காற்று படும்போது அது ஆக்சிஜனேறி, தனிக் கந்தகமும் அமிலமும் உண்டாகலாம். அந்த மாற்றத்தின்போது எஃகு மிக வேகமாக அரிக்கும். முழுக்க நனைந்தே கிடக்கும் குழாயைவிட, நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் குழாய்க்குச் சில சமயம் நிலைமை மோசம்.

தடுப்புக்கு வருவோம். புதைத்த குழாய்க்கு இரண்டு கவசம். ஒன்று பூச்சு. பழைய குழாய்களில் தார் எனாமலும், சுற்றி ஒட்டிய டேப்பும். இப்போது பெரும்பாலும் எபாக்சியும் பாலிஎத்திலீனும் சேர்ந்த மூன்றடுக்குப் பூச்சு. இரண்டாவது கேதோடிக் பாதுகாப்பு. அதாவது வெளியிலிருந்து மின்சாரத்தைச் செலுத்தி, குழாய் முழுவதையும் எலக்ட்ரானை வாங்கும் முனையாகவே வைத்திருப்பது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க ஹம்ஃப்ரி டேவி 1824ல் முயன்ற யோசனையின் வளர்ந்த வடிவம் இது. பைப்லைன் தடத்தில் கிலோமீட்டருக்கு ஒன்றாக நிற்கும் சின்னக் கம்பங்கள் இதை அளக்கத்தான். செப்பு–செப்பு சல்பேட்டு மின்முனையோடு ஒப்பிட்டு மைனஸ் 850 மில்லிவோல்ட் அல்லது அதற்கும் கீழே இருந்தால் குழாய் காக்கப்படுகிறது என்று கொள்வார்கள். சல்பேட்டு பாக்டீரியா தீவிரமாக உள்ள மண்ணில் அது போதாது, மைனஸ் 950 வேண்டும் என்பது பல தரநிலைகளில் இடம்பெற்ற விதி. அந்த 100 மில்லிவோல்ட் வித்தியாசம் பாக்டீரியாவுக்காகவே சேர்த்தது. அப்படியானால் இன்னும் கூட்டி வைத்துவிடலாமே என்றால், அதுவும் முடியாது. அளவுக்கு மீறினால் உண்டாகும் ஹைட்ரஜன் பூச்சைக் கழற்றும், உறுதியான எஃகை நொறுங்கச் செய்யும்.

இரண்டு கவசமும் இருந்தும் எங்கே தோற்கிறது? பூச்சு கிழியாமல், ஆனால் குழாயோடு ஒட்டாமல் எழும்பி நிற்கிற இடத்தில். உள்ளே ஈரம் நுழைந்துவிடும். மின்சாரம் நுழையாது, ஏனென்றால் மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் நல்ல மின்காப்பு. கம்பத்தில் அளந்தால் ரீடிங் சரியாக இருக்கும். ஒரு கையளவு இடத்தில், பூச்சுக்கும் எஃகுக்கும் நடுவே, காற்றற்ற ஈர மண்ணில் பாக்டீரியா தடையில்லாமல் வேலை செய்யும். பழைய டேப் சுற்றிய குழாய்களில் இந்தத் தொல்லை உலகம் முழுக்க உண்டு. தொழிற்சாலையில் பூசிய இன்றைய பூச்சு மிக நன்றாகவே நிற்கிறது. என் பார்வையில் இன்று மிகவும் பலவீனமான இடம் வெல்டிங் ஜாயிண்ட். ஏறக்குறைய 12 மீட்டருக்கு ஒன்று வரும் ஒவ்வொரு ஜாயிண்ட்டுக்கும் பள்ளத்தின் ஓரத்திலேயே சூடுபடுத்திச் சுருங்கும் ஸ்லீவ் போடுகிறார்கள். எஃகைச் சுத்தமாகத் தேய்த்து, ஈரம் போகச் சூடேற்றி, அடியில் காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்ட வேண்டும். உப்புக்காற்றும் வியர்வையும் சேறும் உள்ள இடத்தில், மாலைக்குள் இத்தனை ஜாயிண்ட் என்ற அவசரத்தில் அதைச் செய்கிற தொழிலாளியின் கையில்தான் அடுத்த முப்பது வருடம் இருக்கிறது.

குழாயின் உட்புறத்திலும் இதே உயிரினங்கள் உண்டு. எண்ணெயோடும் வாயுவோடும் வரும் கொஞ்சம் தண்ணீர், ஓட்டம் மெதுவாக உள்ள தாழ்வான இடங்களில் வண்டலோடு தங்கிவிடும். 2000 ஆகஸ்ட் 19ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாட் அருகே 30 அங்குல வாயுக் குழாய் வெடித்து, ஆற்றோரம் முகாமிட்டிருந்த 12 பேர் இறந்தார்கள். உட்புற அரிப்பில் குழாய்ச் சுவர் சில இடங்களில் 70 சதவீதத்துக்கும் மேல் மெலிந்திருந்தது. தண்ணீர், குளோரைடு, கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவற்றோடு நுண்ணுயிர்களுக்கும் அதில் பங்கு இருந்திருக்கும் என்று விசாரணை கண்டது. 2006 மார்ச்சில் அலாஸ்காவின் ப்ரூடோ பே எண்ணெய் வயலில் ஒரு சிறு ஓட்டை வழியாக 2 லட்சம் காலனுக்கும் மேல் கச்சா எண்ணெய் கசிந்தது. உள்ளே வண்டல் படிந்திருந்தது, பல வருடங்களாகச் சுத்தம் செய்யும் பிக் ஓட்டப்படவில்லை, பாக்டீரியா அரிப்பு முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. பிக் என்பது குழாய்க்குள் ஓட்டத்தோடு தள்ளப்படும் தூரிகை உருளை. பசையோடு ஒட்டியிருக்கும் பாக்டீரியாவை அது முதலில் வழித்துவிட்டால்தான் பின்னால் விடும் கிருமிநாசினி வேலை செய்யும். பசைக்குள் இருப்பவற்றுக்கு, தனியாக மிதப்பவற்றைவிடப் பல மடங்கு மருந்து தேவைப்படும்.

இங்கே காரைக்குடியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இந்தியப் பெட்ரோலியக் குழாய்களில் வாழும் பாக்டீரியாக்களை ஆராய்ந்திருக்கிறது. அவர்கள் கண்டவற்றில் ஒன்று எனக்கு மறக்கவே முடியாதது: அரிப்பைத் தடுக்க எண்ணெயில் கலக்கும் மருந்தையே சில பாக்டீரியாக்கள் சிதைத்து உணவாக்கிக்கொள்கின்றன. மருந்தின் அளவைக் கூட்டினால் பாதுகாப்பு கூடும் என்று நம்பி, விருந்து வைத்துக்கொண்டிருக்க நேரலாம்.

புதுக் குழாயிலும் இது தொடங்கலாம். குழாயைப் போட்டு முடித்ததும் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்வார்கள். அந்தத் தண்ணீரை ஆற்றிலிருந்தோ குளத்திலிருந்தோ எடுத்து, மருந்து கலக்காமல், சோதனை முடிந்தும் வடிக்காமல் மாதக்கணக்கில் விட்டால், திறப்பு விழாவுக்கு முன்பே உள்ளே குழி விழுந்திருக்கும். பெரிய தண்ணீர்க் குழாய்களுக்கு உட்புறம் சிமெண்ட் பூசும் பழைய வழக்கம் இந்த விஷயத்தில் நல்ல வழக்கம். சிமெண்ட்டின் காரத்தன்மையில் எஃகு நிதானமாகக் கிடக்கும். குளோரினும் கூட நின்று உதவும்.

ஒரு குழாய் பாக்டீரியாவால்தான் போனது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கலிஃபோர்னியாவின் அலிசோ கேன்யனில் 2015 அக்டோபரில் தொடங்கி ஏறக்குறைய நான்கு மாதம் மீத்தேன் பீறிட்ட வாயுச் சேமிப்புக் கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றின் 7 அங்குல எஃகு உறையில் வெளிப்புறம் நிலத்தடி நீர் பட்ட இடத்தில் நுண்ணுயிர் அரிப்பு இருந்தது என்று 2019ல்தான் அறிக்கை வந்தது. அந்த உறையை மேலே எடுத்து, படிவுகளையும் குழிகளின் வடிவத்தையும் நுண்ணுயிர்த் தடயங்களையும் சேர்த்துப் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வந்தார்கள். குழியின் வடிவத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் குளோரைடும் அதே மாதிரிக் குழி போடும். பாக்டீரியா இருந்தது என்பதும் சான்று ஆகாது. அது எந்த மண்ணிலும் இருக்கும்.

நடைமுறையில் சான்று எப்படித் தொலைகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். கசிவு என்று தோண்டுகிறார்கள். குழாய் தெரிந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுகிறார்கள், வெல்டர் வந்து ஒட்டுப் போட வேண்டுமே என்று. கறுப்புப் பசை அத்தோடு போயிற்று. கழுவாவிட்டாலும், காற்றுப் பட்ட இரும்பு சல்பைடு கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிடும். மதியம் வந்து பார்க்கிற பொறியாளருக்கு அது சாதாரணத் துரு. ரிப்போர்ட்டில் "உப்பு மண், துரு" என்று எழுதப்படும். கடலோர மாவட்டங்களில் பாக்டீரியா அரிப்பு குறைத்தே கணக்கில் வருவதற்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். செய்ய வேண்டியது செலவில்லாத காரியம். மண்ணை விலக்கியதும் படம் எடுத்து, பூச்சுக்கு அடியிலிருந்து கொஞ்சம் பசையையும் நீரையும் விளிம்பு வரை நிரப்பிய பாட்டிலில் காற்று புகாமல் மூடிவிட வேண்டும். தனியே எடுத்த ஒரு துளிப் பசையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, மேலே ஈய அசிட்டேட் தாளைப் பிடித்தால், சல்பைடு இருந்தால் தாள் கறுக்கும். பிறகு கழுவலாம். கழுவிய குழிக்குள் எஃகு பளபளவென்று தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

தடம் தேர்வு செய்யும்போதே மண்ணைப் பார்க்கிறார்கள். மின்தடையையும் குளோரைடையும் பார்ப்பது வழக்கம். நம் கரைக்கு அதோடு சல்பேட்டு, சல்பைடு, ரெடாக்ஸ் அளவு (மண் எவ்வளவு காற்றற்றுப் போயிருக்கிறது என்பதை மில்லிவோல்ட்டில் காட்டுவது) மூன்றையும் சேர்த்து, கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் எடுக்க வேண்டும். ரெடாக்ஸ் 100 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் பாக்டீரியா அரிப்பு கடுமையாக இருக்கும், 400க்கு மேல் என்றால் பயம் இல்லை என்பது 1940களிலிருந்தே பயன்பாட்டில் உள்ள அளவுகோல். அளவெடுக்கும் கருவியைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே இருக்கிறது. காரைக்குடியில் மின்வேதியியல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கடலூரிலிருந்து காரைக்கால் வரை எந்தச் சேற்றில் எந்த இனம் இருக்கிறது, அதில் எது இரும்பிலிருந்து எலக்ட்ரானை இழுக்கக்கூடியது என்று ஒரு வரைபடம் போட்டு எல்லோரும் பார்க்கும்படி வைத்தால், அடுத்து வரும் ஒவ்வொரு குழாய்க்கும் அது உதவும்.

குழாய் போடும் மாதத்தையும் யோசிக்க வேண்டும். தாழ்ந்த களி நிலத்தில் ஜாயிண்ட் வேலையை மாசிக்கும் வைகாசிக்கும் நடுவே முடிப்பதுபோல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். ஐப்பசியில் பள்ளத்தில் ஊற்றெடுக்கும்போது ஸ்லீவ் ஒட்டுவதை நிறுத்திவைக்க, அங்கே நிற்கிற மேற்பார்வையாளருக்கு யாரையும் கேட்காமல் முடிவெடுக்கும் உரிமை வேண்டும், அந்த நாள் கூலி தொழிலாளிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும்.